குடை, முருங்கை, ரயில்

இது நான் நேரில் பார்த்ததல்ல. ஆராய்ச்சி மாணவிகள் விடுதியில் முப்பிடாதியோடு ஒரே அறையில் இருந்த ஜெசிந்தா எனக்குச் சொன்னது. கருத்தரங்கக் கூடத்தில் கடைசி நிமிஷம் வரை முப்பிடாதி வாயே திறக்கவில்லையே, அவள் மனசுக்குள் ஓடியது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதுக்கப்புறம் அவ வேற எதையாவது பேசுனாத்தானே? சோறு திங்கும்போதும் அதுதான், துணி துவைக்கும்போதும் அதுதான்" என்றாள். ஜெசிந்தா விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். நானும் புள்ளியியல்தான் படித்தேன், எங்கள் வீட்டிலும் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் அவள் எங்கே கோபப்பட்டிருப்பாள், எங்கே பயந்திருப்பாள் என்று ஓரளவுக்குத் தெரியும். ஓரளவுக்குத்தான்.

விளக்கை அணைத்திருந்தார்கள். திரையில் அவள் வரைந்த படம். முப்பிடாதி மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றாள், கையில் ரிமோட், கட்டைவிரல் பொத்தான் மேல். பேராசிரியர் ஜெயசீலன் 'நெக்ஸ்ட்' என்றால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் இன்றைய வேலை, மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட மாடலில் இப்போது அவள் பங்கு ஒரு கட்டைவிரல். முன்வரிசையில் டெல்லியிலிருந்து வந்த இருவர், ஒரு அம்மாள், ஒரு ஐயா, அடுத்த கட்ட ஆய்வுக்கு அவர்கள் தலையாட்ட வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏசி, இந்தச் சமோசா, சுவரோரம் மூடி வைத்த தட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்துகொண்டே இருக்கிறது, காலையில் சாப்பிடவில்லை. படத்தைப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டாள், பார்த்தாள். வட்டங்கள், வட்டத்துக்குள் பெயர்கள், வயது, படிப்பு, சர்க்கரை, தூக்கம், காது, தனியாக வாழ்வது, நினைவு. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே கோடுகள். முதன்முதலில் இதைப் படித்தபோது எவ்வளவு பிடித்திருந்தது. மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து வைத்துக்கொண்ட பிறகும் இந்த இரண்டும் ஒன்றைப் பற்றி ஒன்று ஏதாவது சொல்கிறதா, சொன்னால் ஒரு கோடு, சொல்லாவிட்டால் கோடு கிடையாது, அவ்வளவு நேர்மையான கணக்கு. கோடு இல்லாத இடத்துக்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது, இவை இரண்டுக்கும் நேரடிப் பேச்சு இல்லை, மூன்றாம் ஆள் வழியாகத்தான் எல்லாம் என்று. நல்ல கணக்கு. எது எதற்குக் காரணம் என்று அது சொல்லாது, சொன்னதாகப் பீற்றிக்கொள்ளவும் செய்யாது. அவள் வரைந்தது கோடு. நேற்று சாயங்காலம் வரை கோடு. இன்று காலையில் திறந்து பார்த்தால் 'தனியாக வாழ்வது' என்ற வட்டத்திலிருந்து 'நினைவு' என்ற வட்டத்துக்கு ஓர் அம்பு, சிவப்பில், தடித்த மூக்கோடு. யார் போட்டது? வேறு யார், அவர்தான், ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டிருக்கிறார். "ஸ்லைடுக்காகத்தான்மா, பார்க்கிறவங்களுக்குப் புரியணுமில்ல" என்று சிரித்தார், அவளும் சிரித்தாள், ஏன் சிரித்தாள், அந்தச் சிரிப்பை இப்போது வாயிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அவர் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார், தனிமை நினைவைத் தின்கிறது என்றார், தின்கிறதாம், டெல்லி அம்மாள் குறித்துக்கொண்டாள். ஆறு வருஷமாக அதே ஊர்களில் அதே முதியவர்களை வருஷம் தவறாமல் பார்க்கிறோம் என்றார். பார்க்கிறோமாம். அவர் ஒரு தடவை போனார், தொடக்க விழாவுக்கு, ரிப்பன் வெட்ட.

குடை, முருங்கை, ரயில். வந்துவிட்டது, காலையிலிருந்து இது எத்தனையாவது முறையோ, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது. குடை, முருங்கை, ரயில். நான் மூன்று வார்த்தை சொல்வேன், கொஞ்ச நேரம் வேறு கேள்வி கேட்பேன், அப்புறம் அந்த மூன்றையும் நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் நினைவுச் சோதனை. இங்கிலீஷ் மூலத்தில் வருஷத்துக்கு ஒன்றாக மாற்றிக் கேட்க வேறு வேறு வார்த்தைகள் கொடுத்திருந்தார்கள். தமிழாக்கியது ஒரு தொகுதியை மட்டும், அதற்குள் அவசரம், அந்த ஒரு அட்டையை லேமினேட் செய்து களப்பணியாளர்கள் கையில் கொடுத்தாயிற்று, கொடுத்தது கொடுத்ததுதான், எழுத்துக்கூட மாறக் கூடாது, மாற்றினால் ஒப்பிட முடியாது என்று உத்தரவு. ஆறு வருஷம் அதே குடை, அதே முருங்கை, அதே ரயில். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, அவளிடம் வந்தது எண்கள் மட்டும்தான். எண்பதை நெருங்குகிற கிழவிகளுக்கு வருஷத்துக்கு வருஷம் நினைவு கூடிக்கொண்டே போகிறது, அதுவும் வீடு நிறைய ஆள் இருக்கிறவர்களுக்கு மட்டும். தன் நிரலில்தான் தப்பு என்று நினைத்தாள். நினைக்காமல் என்ன, எங்கே என்ன தப்பு நடந்தாலும் முதலில் தன் கையைத்தான் பார்த்துப் பழக்கம், விடுதியில் குழாய் ஒழுகினால்கூட நான்தான் சரியாக மூடவில்லையோ என்று எழுந்து போகிற ஜாதி. வாரக்கணக்கில் வரிவரியாகப் பார்த்தாள். தப்பு இல்லை. அதன் பிறகுதான் பஸ் ஏறிப் போனாள், சங்கரன்கோவில் பக்கம், யாரிடமும் சொல்லாமல். முதல் வீடு முக்கம்மாள் வீடு. முதல் வருஷம் தவிர எல்லா வருஷமும் முழு மதிப்பெண். உட்கார்ந்து பையைத் திறக்கக்கூட இல்லை, முக்கம்மாள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே சொன்னாள், "கொடை, முருங்கை, ரயிலு. எழுதிக்கிட்டியா தாயி? சீக்கிரம் எழுது, எனக்குச் சோலி கிடக்கு." இன்னும் நான் கேட்கவே இல்லையே பாட்டி என்றாள். "கேட்டாத்தான் சொல்லணுமா? போன வருசம் வந்த பிள்ளையும் இதத்தான கேட்டா. வருசா வருசம் இதத்தான கேக்கிய. ஒங்களுக்குத்தான் மறதி போல." எதிர்வீட்டிலிருந்து ஒருத்தி சிரித்தாள். "அவளுக்கு நாந்தான் சொல்லிக்குடுத்தேன், மொத வருசம் ரயில விட்டுட்டு வந்து நின்னா." முக்கம்மாள் விடவில்லை, "ஆமா, நீ பெரிய வாத்திச்சி. ஒனக்கு முருங்கைய யாரு சொன்னா?" ஏன் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று முப்பிடாதி கேட்டாள், அவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். "பெயிலாப் போனா முதியோர் பென்சன நிறுத்திருவாவளாமே. தெருவுல ஒருத்திக்குப் போச்சுன்னா நாளைக்கு நமக்கு. சொல்லிக்குடுக்காம என்ன செய்ய?" அந்த வார்த்தைகள் தண்ணீர்க் குழாயடியில் கைமாறின, வேப்பங்கொட்டை பொறுக்கும்போது கைமாறின, ஒருத்தியையும் விட்டுவிடவில்லை அந்தத் தெரு.

ஒருத்தியைத் தவிர. திரையில் பேராசிரியரின் சிவப்பு ஒளிப்பொட்டு அம்பின் மேல் ஓடியது, முன்னும் பின்னும், முன்னும் பின்னும், அந்தப் பொட்டு போகிற இடத்தில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள், அவள் வீட்டு வாசற்படியில், கால் நீட்டி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. கைநிறைய முருங்கைக்கீரை, சோதனையில் முருங்கை வரவில்லை, என்ன செய்வது. முதல் வருஷம் இரண்டு சொன்னாள், அப்புறம் இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. மனுஷிக்கு வயசானால் எப்படியோ அப்படி. தெரு முழுக்க ஏறுகிறது, இவள் மட்டும் இறங்குகிறாள், கணக்குக்கு என்ன தெரியும், அது பார்த்தது தனியாக இருக்கிறவர்கள் இறங்குகிறார்கள், கூட்டத்தில் இருக்கிறவர்கள் ஏறுகிறார்கள், போட்டது கோடு. மற்ற ஊர்களிலும் இப்படித்தானே இருக்கும், தனியாக இருக்கிறவளுக்கு யார் வந்து சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள், அந்தக் கோடு நினைவுக்குப் போகிற கோடே இல்லை, குழாயடிக்குப் போகிற கோடு, அதற்கு ஒரு வட்டமே நாங்கள் போடவில்லை. செல்லத்தாயோடு தெரு ஏன் பேசுவதில்லை? முக்கம்மாள் மகன் குடித்துவிட்டு பைக்கில் வந்து சைக்கிள்காரர் ஒருவரை அடித்துப் போட்டான். எல்லோரும் பார்த்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது ஒருவரும் பார்க்கவில்லை. செல்லத்தாய் பார்த்தேன் என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு நின்றது பேச்சு, அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். "பாத்தத பாத்தேன்னு சொன்னேன், வேற என்னத்தச் சொல்ல" என்று அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்புறம் நிமிர்ந்து, "எனக்குக் கூறு கெட்டுப் போச்சாமே, நீதான் கண்டுபிடிச்சியாமே?" முப்பிடாதிக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் காது சுடும், இப்போதும் சுட்டது, பிடரியில் அத்தனை ஏசிக் குளிரிலும். நான்தான். என் மாடல் உன் எண்ணைச் சிவப்பாக்கியது, குடும்பத்துக்குத் தெரிவிக்கிறோம் என்று திட்டத்தில் ஒரு விதி இருந்தது, ஆபீசிலிருந்து கடிதம் எழுதி, திருப்பூருக்குப் போனும் போட்டு உன் மகனிடம் சொன்னார்கள், அவன் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே கேட்டான், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவாளோ, கிணற்றுப் பக்கம் போய்விடுவாளோ என்று பயந்தான், கெட்டவன் இல்லை, டாக்டர்கள் சொல்கிறார்கள் என்று நம்பினான். இந்தச் சனிக்கிழமை காப்பகத்து வேன் வருகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியை மகன் கொண்டுபோகிறான். "ஆட்ட வித்துட்டேன்" என்றாள் செல்லத்தாய், "கோழிய எவ வாங்குவா, எங்கிட்ட."

மெதுவாக மூச்சு விடு, யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தாளா என்ன, சொன்னாளே, பேராசிரியர் அறைக்குப் போய், மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு. சார், வார்த்தை வெளியே போயிருக்கு சார். "யாரு உன்னை ஃபீல்டுக்குப் போகச் சொன்னது?" அதுதான் முதல் கேள்வி. அப்புறம் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, இளகின குரலில், அந்தக் குரல்தான் தாங்கவில்லை, "எல்லா ஸ்டடியிலயும் நாய்ஸ் இருக்கும்மா. உன் வேலை மாடல். நல்ல பிள்ளையா தீசிஸை முடி. உங்க வீட்டுல நீதானே ஃபர்ஸ்ட்?" என்றார். ஃபர்ஸ்ட்தான். அதை எதற்குச் சொன்னார், அக்கறையாகவா, இல்லை, உனக்கு விழுந்தால் பிடிக்க ஆள் இல்லை என்று ஞாபகப்படுத்தவா. மாடிப்படி இறங்கும்போதுதான் பதில் வந்தது அவளுக்கு, எப்போதும் மாடிப்படியில்தான் வரும், நாய்ஸ் என்றால் இரண்டு பக்கமும் ஆடும் சார், இது ஒரே பக்கம் சாய்கிறது சார், சாய்கிற பக்கத்தில் ஒரு மனுஷி இருக்கிறாள் சார். அங்கே நின்று சொல்ல வேண்டியதைக் கைப்பிடிச் சுவரிடம் சொன்னாள். அப்பாவை நினைத்தாள். வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர், எம்பொண்ணு மூளை டாக்டருக்குப் படிக்கா என்று மண்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், இல்லைப்பா இது வேற டாக்டர் என்றால், "மூளையப் பத்திதான படிக்க, அப்புறம் என்ன" என்பார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேராசிரியர் சொன்னால், வேறு கைடு பார்த்துக்கொள் என்று சொன்னால், எவர் எடுப்பார், இந்தத் துறையில் யாரும் அவளோடு பேச மாட்டார்கள், கேண்டீனில் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். தள்ளி உட்காருவார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு. நினைப்பு அங்கே தட்டி நின்றது, நகரவில்லை. அவருக்கு எப்படி இவ்வளவு சுலபமாக இருக்கிறது, அந்தப் பொட்டை இப்படி அப்படி ஓட்ட, அம்புக்கு மூக்கு வைக்க, தின்கிறது என்று சொல்ல, ஒரு கிழவியின் வீட்டுச் சாவி அந்த மூக்கின் நுனியில் தொங்குவது தெரியாமல், தெரியாமலா, சொன்னேனே, பேர் சொல்லி ஊர் சொல்லிச் சொன்னேனே, தெரிந்தும்தான். அடுத்த ஸ்லைடு பரிந்துரைகள். தனியாக வாழும் முதியோரைக் காப்பகங்களுக்கு மாற்றுதல், ஏற்கெனவே தொடங்கிவிட்டோம், முதல் பயனாளி, பெயர் இருக்காது, எண் இருக்கும், அறுபத்திரண்டு. பயனாளியாம். குடை, முருங்கை, ரயில். குடை, முருங்கை. இன்றைக்கு வியாழக்கிழமை.

"நெக்ஸ்ட்" என்றார் பேராசிரியர்.

கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அது அவள் விரல்தான், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நகம் மங்கிப்போன விரல், அழுத்த ஒரு பலமும் தேவையில்லை, அழுத்தாமல் இருக்கத்தான் தேவைப்பட்டது. படம் அப்படியே நின்றது. ப்ரொஜெக்டரின் காற்றாடிச் சத்தம் இவ்வளவு பெரிதா. "நெக்ஸ்ட், முப்பிடாதி." யாரோ இருமினார்கள். டெல்லி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேராசிரியர் திரும்பி அவளைப் பார்த்தார், தமிழில், சிரித்தபடி, "என்னம்மா, பேட்டரி போயிருச்சா?" இங்கிலீஷில் யோசித்து வைத்த வாக்கியம் எங்கே போயிற்றோ, காலை முழுக்கக் குளியலறையில் சொல்லிப் பார்த்த வாக்கியம். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை, மண்டியில் அப்பா கத்துகிற குரல். "அந்தக் கோடு தப்பு சார். நான் போட்டதுதான், தப்பு. அம்பு நான் போடல." டெல்லி அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். முப்பிடாதி அவளைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள், இலக்கணம் எப்படி வந்ததோ, ஆறு வருஷமாக ஒரே மூன்று வார்த்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் மறதி, இதில் நினைவு எங்கே இருக்கிறது மேடம். பிறகு ஜெயசீலன், சுவாரசியமான கருத்து, இதைத் தனியாகப் பேசுவோம் என்றார், நடந்து வந்து அவளைத் தொடாமல் எட்டி மடிக்கணினியின் பொத்தானைத் தானே அழுத்தினார். பரிந்துரைகள் ஸ்லைடு வந்தது. டெல்லி அம்மாளின் பேனா மட்டும் இன்னும் பழைய ஸ்லைடிலேயே நின்றுகொண்டிருந்தது என்று முப்பிடாதிக்குத் தோன்றியது, அது உண்மையா, அவளுக்கு வேண்டியதாக இருந்ததால் தோன்றியதா, தெரியாது. ரிமோட்டை மேசையில் வைத்தாள். சமோசாவைத் தாண்டி வெளியே போனாள். வெயில் முகத்தில் அறைந்தது, நன்றாக இருந்தது. அதே மாடிப்படியில் நின்று திருப்பூருக்கு, செல்லத்தாயின் மகனுக்குப் போன் போட்டாள். பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம். "நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க, ஞாபகம் போயிருச்சுன்னு?" "ஆமாண்ணே, நாங்கதான். தப்பா எழுதிட்டோம்." "தப்பான்னா? எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லையா?" அவளுக்கு ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது, அது சுலபமாக இருந்திருக்கும், அதுவும் ஓர் அம்புதான். "வயசுக்கு உள்ள மறதி இருக்கும்ணே. எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாமத்தான் எழுதிட்டோம்." "இப்படி மாத்தி மாத்திச் சொன்னா நாங்க யாரைத்தான் நம்ப?" என்று கத்தினான். அவன் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான்.

ஜெசிந்தாவுக்கு இதுவரைதான் தெரியும். முப்பிடாதி இப்போது வேறு ஊரில், வேறு கைடிடம், முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள் என்றாள். கேட்டதை அப்படியே எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தெருவுக்குப் போனேன். நானே யோசித்த மூன்று வார்த்தைகளைக் கொண்டு போனேன், சொளகு, கிளி, ஆணி, முறத்துக்கு அங்கே சொளகு என்றுதான் பெயர். முக்கம்மாளிடம் முதலில் கேட்டேன். கிளி மட்டும் வந்தது. "வார்த்தைய மாத்துனா முன்னாடியே சொல்ல வேண்டாமா?" என்று சண்டைக்கு வந்தாள். இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் இதை நான் என் கண்ணால் பார்த்தேன்: அடுத்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. செல்லத்தாய் வாசற்படியில்தான் இருந்தாள், ஒரு கோழி அவள் காலடியில் மேய்ந்துகொண்டிருந்தது. மூன்றையும் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு, திருப்பிக் கேட்டேன். "சொளகு" என்றாள். "ஆணி" என்றாள். கூரையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குக் குழை ஒடிக்கும் சத்தம் நின்றது. அந்தப் பக்கமிருந்து கிளி வரவில்லை.

"இன்னொண்ணு சொன்ன. வரல" என்றாள் செல்லத்தாய். "வரலைன்னே எழுது."